ரிவால்வருக்கு அபிஷேகம்

அந்த ரிவால்வரை மேசைமேல் வைத்தபோது அறையில் இருந்தவர்கள் தாசில்தார், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயி திம்மராயப்பா, அவர் மனைவி கௌரம்மா, துப்பாக்கி லைசென்ஸ் பிரிவுக் குமாஸ்தாவான நான். வராதவர் ஒருவர்தான். சேலத்திலிருந்து வரவேண்டிய போலீஸ் ஆயுத நிபுணர். எங்களில் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதைத் தவிர, கூட்டத்தில் வேறு குறை இல்லை.

இப்போது இது ஏன் நினைவுக்கு வந்தது என்றால், என் மருமகனால். ஓசூர் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். போன ஆயுத பூசைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். புதிதாக வாங்கிய மெஷினுக்கு ஒரே ஒரு சந்தனப் பொட்டு, அதுவும் மேல்மூடியில். கற்பூரம் அணைந்த கையோடு ஓர் ஆள் ஸ்பிரிட் நனைத்த துணியோடு வந்து அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டார். "உள்ள போச்சுன்னா கம்பெனிக்காரன் வாரண்டி இல்லன்னுடுவான் மாமா" என்றார் மருமகன். சந்தனம் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதை அரசாங்கச் செலவில் கண்கூடாகப் பார்த்தவன் நான். ஆனால் வாய் நிறையப் பொரி இருந்ததால் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

நயா பைசா வருவதற்கு முந்தைய காலம். ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவின் ஓர் ஓரம். ஃபேக்டரி என்ற சொல்லை நாங்கள் பெங்களூரைப் பற்றிப் பேசும்போது மட்டும் எடுத்துப் பயன்படுத்திவிட்டு, திரும்ப வைத்துவிடுவோம். நான் சிங்காரப்பேட்டையிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் இரண்டு சட்டையுமாக வந்து சேர்ந்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதனால் எழுத்தின்மேல் எனக்கு அளவுக்கு மீறிய மரியாதை. ஆபீசுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பேன். மற்ற குமாஸ்தாக்கள் அதை ஒரு நோய் என்று முடிவு செய்து, படிப்பதற்கு நிறைய இருந்த துப்பாக்கிப் பிரிவை என் தலையில் கட்டினார்கள்.

ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார், "துப்பாக்கி ஆபீசுன்றியே, சுடணுமா?"

"இல்லப்பா, எழுதணும்."

"அவ்ளோதானா" என்றார். என் பத்து வருடப் படிப்பும் அந்த ஒரு சொல்லில் முடிந்தது.

சுடவில்லையே தவிர, துப்பாக்கியின் வாசனை என் சட்டையிலேயே இருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கும் பருவத்தில் காட்டோரத்துக் கிராமங்களிலிருந்து நாட்டுத் துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு விவசாயிகள் வருவார்கள். குழாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டிக் கம்பியால் இடித்துச் சுடுகிற நீளத் துப்பாக்கிகள். பயிர் காக்க என்று அரசாங்கம் அனுமதித்தது. தாலுகா ஆபீஸ் தாழ்வாரத்துச் சுவரில் அவற்றை வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். விளக்கெண்ணெய், மண்ணெண்ணெய், கருகிய மருந்து, வெற்றிலை எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. என் அறையில் குடியிருந்த நண்பர் என் சட்டையைத் தனிக் கொடியில் காயப்போடச் சொன்னார்.

அந்த வரிசையில்தான் திம்மராயப்பா வந்தார். நல்ல உயரம், மீசை, சரிகைத் தலைப்பாகை. வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, ஆபீசில் தமிழ். காட்டை ஒட்டி அவருக்கு ராகி நிலம் இருந்தது. ராகி கதிர் பிடித்தால் யானை வரும். அவருடைய நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் புதுப்பிக்கும் காகிதம் தாசில்தார் மேசைக்குப் போனது. தாசில்தார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். யானையைக் கோயிலில் மட்டும் பார்த்தவர். கையெழுத்துப் போட்டுக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்.

"ஏன்யா, இந்தக் குச்சியை வச்சிண்டு யானையை என்ன பண்ணுவீர்?"

குச்சி என்ற சொல் திம்மராயப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. "இது மட்டும்னு நெனச்சிக்காதீங்க சாமி. வீட்டுல ரிவால்வரு இருக்குது. மாமனார் வீட்டுச் சீரு. அஞ்சு குண்டு."

தாசில்தார் பேனாவுக்கு மூடி போட்டார். பின்னால் வரிசையில் நின்றவர் திம்மராயப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்தார். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, "குதிரைப்படைத் துரை கையில இருந்ததுங்க. என் வீட்டுக்காரி தாத்தாவுக்குக் குடுத்தது" என்று மேலும் விவரம் தந்தார்.

லைசென்ஸ் இல்லாத ரிவால்வர். அன்றே நாட்டுத் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிட்டார்கள். ரிவால்வரை ஆபீசுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அது என்ன வகை என்று தெரிந்த பிறகுதான் மற்றது. வெளியே ராகி கதிர் பிடிக்கத் தொடங்கியிருந்தது.

இந்த இடத்தில் நான் படித்த படிப்பைக் கொஞ்சம் காட்டிக்கொள்ள அனுமதியுங்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பட்டாளத்து ரிவால்வர்களில் இரண்டு சாதி உண்டு. முதலில் வந்தவற்றில், சுழலும் உருளையின் முன்பக்கக் குழிகளில் மருந்தையும் ஈயக் குண்டையும் திணிப்பார்கள். குழிகளின் பின்சுவரில் சின்னக் காம்பு இருக்கும். அதன்மேல் கேப்பு, அதாவது அடித்தால் பொறி பறக்கும் சின்ன மூடி, வைப்பார்கள். விசையை இழுத்தால், குதிரை என்கிற குட்டிச் சுத்தி பின்னால் போய்த் திரும்பி வந்து கேப்பை அடிக்கும். பிறகு மருந்து, குண்டு, கேப்பு மூன்றும் ஒன்றாக அடங்கிய பித்தளைத் தோட்டா வந்தது. உடனே பழையதையெல்லாம் தூக்கியா எறிய முடியும்? பட்டாளமும் ஒரு குடும்பம்தானே. அண்ணன் கால்சட்டையை வெட்டித் தம்பிக்குத் தைப்பதுபோல, பழைய ரிவால்வர்களையே தோட்டா போடும்படி மாற்றிவிட்டார்கள். (இந்த உவமையை அப்பாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் கால்சட்டை போட்டவன் நான் ஒருவனே என்பதால் எடுபடவில்லை.)

எங்களுக்கு வந்திருந்த உத்தரவுப்படி, மாற்றப்படாத கேப்புத் துப்பாக்கி என்றால் அது பழம்பொருள். வீட்டில் வைத்துக்கொள்ளலாம். தோட்டா போட மாற்றப்பட்டது, சுடக்கூடியது என்றால் அது ஆயுதம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் வழக்கு. வழக்கு வந்தால் பயிர்த் துப்பாக்கி லைசென்சும் போகும். அது போனால் அந்த வருடம் மட்டுமல்ல, வருகிற வருடங்களின் ராகியும் யானைக்கு.

எப்படி அடையாளம் காண்பது என்று சேலத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. உருளையின் பின்பக்கம் காம்பு இருக்கிறதா, அல்லது சுவரை வெட்டி எடுத்துவிட்டுக் குழி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை திறந்திருக்கிறதா பார். தோட்டா நுழைக்க வலப்பக்கம் சின்னக் கதவு பொருத்தியிருக்கிறதா பார். உருளையின் எண்ணும் உடம்பின் எண்ணும் ஒன்றா பார்; வேறானால் உருளையை மாற்றியிருக்கிறார்கள். இதையெல்லாம் நான் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்திருந்தேன். படம் இணைக்கப்பட்டுள்ளது என்று கடைசியில் இருந்தது. இணைக்கப்படவில்லை. அதனால் ரிவால்வரின் அங்கங்கள் எல்லாம் எனக்குத் தெரியும், ரிவால்வர் எப்படி இருக்கும் என்றுதான் தெரியாது.

குறித்த நாளில் புருஷனும் பெண்டாட்டியும் காலை பஸ்ஸில் வந்தார்கள். சேலத்து நிபுணர் கிருஷ்ணகிரியில் வேறொரு வழக்கில் மாட்டிக்கொண்டார், வர நாளாகும் என்று தகவல் வந்தது. "நாளாகும்னா எவ்ளோ நாளுங்க?" என்று கேட்டார் கௌரம்மா. குள்ளமான, வேகமான அம்மாள். "யானை நேத்தே ஓடை வரைக்கும் வந்துடுச்சி. இவரு டப்பா தட்டுறாரு. அது நின்னு கேக்குது. போறதில்ல."

தாசில்தார் இரக்கமுள்ளவர். "சரி, நாமே பார்த்து முதல் ரிப்போர்ட் எழுதிடலாம். நம்ம பிள்ளையாண்டான்தான் எல்லாம் படிச்சு வச்சிருக்கானே" என்று என்னைப் பார்த்தார். எனக்குக் கால் தரையில் இல்லை.

திம்மராயப்பா சிவப்புப் பட்டுத் துணியைப் பிரித்தார்.

மேசைமேல் ஒரு கைப்பிடி இருந்தது. கைப்பிடிக்கு மேலே கறையான் புற்று இருந்தது.

நான் சுற்றறிக்கையை மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். புற்றைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் பூசி, மேலே விளக்கெண்ணெய் தடவியிருக்கிறார்கள். இட்ட குங்குமத்தை அழிப்பது வீட்டுக்கு ஆகாது என்பதால் துடைப்பதில்லை. அடுத்த வருடம் அதன்மேல். அதற்கு அடுத்த வருடம் அதன்மேல். உருளை எது, குதிரை எது, கதவு எது என்று அதைச் செய்தவனாலேயே சொல்ல முடியாது.

"உள்ளே தோட்டா இருக்கா?" என்று கேட்டார் தாசில்தார்.

"இருந்தாலும் இருக்கும்" என்றார் திம்மராயப்பா கண்ணியமாக.

குழாய் யாரைப் பார்க்கிறது என்று எல்லாரும் கவனித்தோம். அது சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கும்படி தாசில்தார் ஒரு ரூல் தடியால் திருப்பி வைத்தார்.

"சுரண்டினால்தான் தெரியும்" என்றேன்.

"சொரண்டறதா? சாமி மேல கத்தி வெப்பியா தம்பி நீ?" திம்மராயப்பா எழுந்துவிட்டார். "நான்தான் சொல்றேனே, தோட்டா போடறதுதான். அஞ்சும் சுடும். எழுதிக்கோ."

"அப்படி எழுதினா உம்மை உள்ளே போடணும்யா" என்றார் தாசில்தார்.

"அதுக்காக என் மாமனாரு குடுத்த துப்பாக்கிய சுடாதுன்னு சொல்லிட்டுப் போகச் சொல்றீங்களா?"

அப்படித்தான் எல்லாரும் விரும்பினோம். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அரசாங்க ஊழியர்களான எங்களால் முடியவில்லை. பிறகு கௌரம்மா, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, "சொரண்ட வேணாங்க. அபிசேகம் பண்ணலாம்" என்றார்.

திம்மராயப்பா யோசித்தார். சாமிக்குச் சாற்றிய சந்தனம் அபிஷேகத்தில்தானே கரைகிறது, அதை யாராவது தப்பு என்று சொல்கிறார்களா? சொல்வதில்லை. தலைப்பாகையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அதுதான் சம்மதம்.

எதிர் டீக்கடையிலிருந்து ஒரு தவலை வெந்நீர் வந்தது. புளியும் சீயக்காயும் வந்தன. தாழ்வாரத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் ரிவால்வரை வைத்து, கௌரம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து, வெந்நீரை ஊற்றி ஊற்றித் தேய்த்தார். வெளியில் பட்டா மாற்றத்துக்கு நின்றிருந்தவர்கள் சுற்றி வந்து நின்றார்கள். என்ன சாமி என்று யாரும் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கைகூப்பினார்கள். தாசில்தார் செருப்பைக் கழற்றிவிட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஒருவர் தீர்த்தத்துக்குக் கை நீட்டினார். "சீயக்காத் தண்ணிங்க" என்றார் கௌரம்மா. அவர் அதைத் தலையில் தெளித்துக்கொண்டார்.

புற்று மேலிருந்து கரைந்தது. தாம்பாளத்துத் தண்ணீர் முதலில் சிவப்பாக, அப்புறம் மஞ்சளாக, அப்புறம் கறுப்பாக ஆனது. உள்ளிருந்து ஓர் இரும்பு வெளியே வந்தது. கௌரம்மா அதை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். உருளையின் பின்பக்கம் பார்த்தேன். காம்பு இல்லை. வலப்பக்கம் விரல் நகம் அளவு ஒரு கதவு. நகத்தைக் கொடுத்து நெம்பினேன், திறந்தது. உருளையைச் சுற்றினேன், சுற்றியது. ஐந்து குழியும் காலி. ஐந்தின் வழியாகவும் தாழ்வாரத்து வெளிச்சம் இந்தப் பக்கம் தெரிந்தது. உடம்பில் ஓர் எண், உருளையில் வேறோர் எண். நான் காகிதத்தில் படித்த ஒன்று, படித்தபடியே உலகத்தில் இருந்தது. அதற்குமுன் எனக்கு அப்படி நேர்ந்ததில்லை. "மாற்றினதுதான் சார். தோட்டாதான்" என்று பரீட்சையில் பாஸானவன் மாதிரி சொன்னேன்.

"சொல்லலியா நானு?" என்றார் திம்மராயப்பா. சுற்றியிருந்தவர்களைப் பார்த்து, "அஞ்சு குண்டுங்க" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நான் சொன்ன அதே வாக்கியம் அவரை ஜெயிக்க வைத்துவிட்டது, அவருடைய ராகியையும் முடித்துவிட்டது. இதில் முதல் பாதி மட்டும்தான் அவருக்கு எட்டியிருந்தது.

தாசில்தார் செருப்பை மாட்டிக்கொண்டார். "வா, எழுதலாம்" என்றார் என்னிடம். குரலில் உற்சாகம் இல்லை.

அப்போது கௌரம்மா தாம்பாளத்தைப் பார்த்தபடியே, "அது சுடாதுங்க" என்றார்.

"சும்னிரு" என்றார் திம்மராயப்பா. சும்மா இரு என்பதை அவர் கன்னடத்தில் சொன்னால் கோபம் என்று பொருள்.

"சும்மாதான் இருந்தேன் இருவது வருசமா. ஐயா, அந்தக் குதிரை மூக்கப் பாருங்க. முள்ளு இருக்குதா?"

பார்த்தேன். தோட்டாவின் அடியைக் குத்த, குதிரையின் முனையில் ஒரு முள் இருந்தாக வேண்டும். இருந்த இடம் தெரிந்தது. அரம் போட்டு மட்டமாக ராவியிருந்தார்கள். அரத்தின் கோடுகள்கூட அப்படியே இருந்தன. சுற்றறிக்கையில் இது இல்லாததால் நான் பார்க்கவில்லை.

"எங்கண்ணன் கல்யாணத்துல பெரியப்பா குடிச்சிட்டு இதால சுட்டாரு. ஆள் மேல படல. கொழம்பு அண்டாவுல பட்டுச்சி. பந்தி நடுவுல கொழம்பு பூராவும் போயிடுச்சி. எங்கப்பா மறுநாளே தொரப்பள்ளி ஆசாரி கிட்ட குடுத்து முள்ள ராவிட்டாரு. அடுத்த வருசம் என் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல துப்பாக்கி கேட்டாங்க. குடுத்தாங்க." கொஞ்சம் நிறுத்தி, "முள்ளு இல்லேன்னு எங்க வீட்டுல யாரும் சொல்லல. நானும் சொல்லல. பூசையில மூக்கு மேல மட்டும் சந்தனம் கெட்டியா வெப்பேன்" என்றார்.

நல்ல துப்பாக்கி என்று சொல்லிச் செத்த துப்பாக்கியைச் சீராகக் கொடுத்த வீடு என்று பிறந்த வீட்டைப் பத்துப் பேர் முன்னால், புருஷன் முன்னால் சொல்ல அந்த அம்மாளுக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று அன்று எனக்குப் புரியவில்லை. "அப்போ சுட இயலாததுன்னு எழுதலாம் சார்" என்று சந்தோஷமாகச் சொன்னேன். தாசில்தார் பேசாதே என்று கையைக் காட்டினார்.

திம்மராயப்பா ரிவால்வரை வாங்கினார். குதிரையைக் கட்டைவிரலால் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"இருவது வருசமா இதத் தலமாட்டுல வெச்சிக்கினு தூங்கினேன்டி" என்றார்.

"தூங்கினீங்க இல்ல?" என்றார் கௌரம்மா. "அப்போ அது வேலை செஞ்சிருக்குது."

யாரோ சிரிக்கப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டார். திம்மராயப்பா தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தார். கௌரம்மா தாம்பாளத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பின்னால் போனார்.

சுட இயலாத பழம்பொருள் என்று ரிப்போர்ட் எழுதினேன். என் வாழ்க்கையிலேயே நன்றாக அமைந்த ரிப்போர்ட் அது. சேலத்து நிபுணர் ஒரு வழியாக வந்து, காப்பி ஆறுவதற்குள் பார்த்து முடித்து, சரி என்றார். வழக்கு இல்லை. ஆனால் நாட்டுத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுக்கும் உத்தரவு சேலத்திலிருந்து வரவேண்டும். உத்தரவு அதற்குரிய நடையில் வந்தது. யானை அதற்குரிய நடையில் அதற்கு முன்பே வந்துவிட்டது.

அந்தத் தாலுகா ஆபீஸ் ஓட்டுக் கட்டிடம் இப்போது இல்லை. தாழ்வாரத்துச் சுவரில் துப்பாக்கிகள் சாய்ந்திருந்த எண்ணெய்க் கறை வெகுகாலம் சுண்ணாம்பை மீறித் தெரிந்துகொண்டிருந்தது, அதுவும் சுவரோடு போயிற்று. மருந்து இடிக்கிற துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக ஒப்படைத்துவிட்டார்கள். ஓடையோரத்து ராகி நிலங்களில் பிளாஸ்டிக் கூரை போட்டு ரோசாப்பூ வளர்க்கிறார்கள். பூ விமானத்தில் போகிறதாம். புருஷன் சொன்ன பொய்யையும் பெண்டாட்டி சொல்லாத உண்மையையும் ஒரே பலகையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி டீக்கடைகள்கூட இப்போது இல்லை. அப்படி ஒன்றை நான் கேட்டேன்.

மறுவருடம் ஓசூர் பஸ் நிறுத்தத்துக் கடையில். திம்மராயப்பா யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கவர்மெண்டுக்கே பயம் வந்துடுச்சி சாமி. இவ்ளோ நல்ல துப்பாக்கி வெளிய இருந்தா ஆபத்துன்னுட்டு, ஆபீசுல வெச்சே முள்ள ராவி எடுத்துட்டாங்க. என் மாமனாரு குடுத்தப்போ அஞ்சும் சுட்டுக்கினு இருந்தது." என்னைப் பார்த்துவிட்டார். கண் கொஞ்சமும் அசையவில்லை. "இவரக் கேளுங்க. கூடவே இருந்தாரு."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். கௌரம்மா பலகையின் மறு ஓரத்தில் உட்கார்ந்து டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்றேன். அரசாங்கத்தின் சார்பில் நான் ஒப்புக்கொண்ட ஒரே குற்றம் அது.

பஸ் வந்தது. திம்மராயப்பா இடம் பிடிக்க முன்னால் ஏறினார். பையைத் தூக்கிக்கொண்டே கௌரம்மா என்னிடம், "எங்கப்பா பேரக் காப்பாத்திட்டாரு தம்பி" என்றார். "ராகியத்தான் காப்பாத்த முடியல" என்று சொல்லி, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, விரல் மடக்கிக் கணக்குச் சொன்னார். யானை தின்னது ஏழு மூட்டை, மூட்டை பதினெட்டு ரூபாய். ஓசூருக்கு வந்து போன பஸ் சார்ஜ் ஆறு ரூபாய். மனு, ஸ்டாம்பு என்று நாலு ரூபாய்.

"ஆக மொத்தம் நூத்தி முப்பத்தாறு ரூவா."